வானத்தில் ஒரு கறுப்பு வட்டம்

பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகைக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத பேராக் மாணவர்கள் குறைவு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியிலேயே நின்ற மாளிகை அது. கட்டடத்தைக் காட்டிலும் பலர் தவறவிடும் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மாளிகையைக் கட்டிய தென்னிந்தியத் தொழிலாளர்களிடையே கொள்ளை நோய் பரவியபோது எழுப்பப்பட்ட மாரியம்மன் கோவில் அது. அதன் மேற்கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, ஐரோப்பிய உடையில் ஒரு மனிதர் நிற்கிறார். கெல்லி ஸ்மித்தின் உருவம்தான் அது என்கிறார்கள்.

இந்த இடத்தை ஒரு மாணவர் குழு 360 பாகைக் கேமராவால் படமெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முக்காலியில் கேமராவை நிறுத்தி, எல்லாரும் ஒளிந்துகொண்டு, ஐந்து நிமிடம் பதிவு செய்கிறார்கள். பிறகு கணினியில் வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்த்து, காணொளியாக வெளியே எடுக்கிறார்கள். மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் மாளிகை இருக்கிறது, கோவில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் உச்சி வானத்தில் பெரிய கறுப்பு வட்டம் ஒன்று தெரிகிறது. குனிந்தால் காலடியிலும் அதே போல ஒன்று. கோவிலும் சற்றுக் குள்ளமாகிவிட்டது.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. தொகுப்பு மென்பொருளில் புதிய திட்டத்தைத் திறந்தபோது யாரோ 1920 × 1080 என்ற வழக்கமான அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வட்டம் அங்கிருந்து வந்தது. எப்படி என்று கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

உருண்டையைத் தட்டையாக்கும் கலை

360 பாகைக் கேமராவில் பெரும்பாலும் முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் வில்லைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 180 பாகைக்குச் சற்று அதிகமாகவே பார்க்கும். இரண்டு படங்களையும் ஓரங்களில் தைத்து மென்பொருள் ஓர் உருண்டையை உருவாக்குகிறது. நாம் அந்த உருண்டையின் நடுவே நிற்கிறோம். உட்புறச் சுவர் முழுவதும் படம்.

ஆனால் காணொளிக் கோப்புகள் செவ்வகத்தைத்தான் அறியும். உருண்டையைச் செவ்வகமாக விரிக்க வேண்டும். இந்தச் சிக்கல் புதிதன்று. உலகப் படம் வரைந்தவர்கள் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இதோடு போராடியிருக்கிறார்கள். டயர் நகரத்து மரினஸ் என்பவர் கண்ட எளிய வழியைத் தாலமி தம் நூலில் குறிப்பிடுகிறார்: தீர்க்கரேகைகளைச் சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகளாகவும், அட்சரேகைகளைச் சம இடைவெளியில் கிடைக்கோடுகளாகவும் போட்டுவிடுவது. இன்றைய 360 காணொளிகளில் பெரும்பாலானவை அதே முறையில்தான் விரிக்கப்படுகின்றன. சுற்றிலும் 360 பாகை, உச்சியிலிருந்து பாதம் வரை 180 பாகை. ஆகவே படத்தின் அகலம் உயரத்தைப் போல் சரியாக இரு மடங்கு.

இந்த 2:1 விகிதம்தான் இக்கட்டுரையின் அச்சாணி. 5.7கே எனப்படும் காணொளி 5760 × 2880 படப்புள்ளிகள் கொண்டது. 5760ஐ 360ஆல் வகுத்தால் 16. 2880ஐ 180ஆல் வகுத்தாலும் 16. ஆக, ஒரு பாகைக்கு 16 படப்புள்ளிகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

விரித்த படத்தை அப்படியே பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஹப்பாக் வடிவமைத்து 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ஈப்போ ரயில் நிலையத்தின் முன் கேமராவை வைத்தால், நீண்டு நேராக ஓடும் அதன் கூரை விளிம்பு வில்லாக வளைந்துவிடும். கல்லுமலைக் கோவிலில் எடுத்தால், தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒரே ஒரு புள்ளி படத்தின் மேல் வரிசை முழுவதும், அதாவது 5760 படப்புள்ளிகளுக்கும், வெண்ணெய் தடவியதுபோல் பரவிக் கிடக்கும். இதில் எவ்வளவு வீண் என்று கணக்கிடலாம். உருண்டையின் பரப்பு 4πr². விரித்த செவ்வகத்தின் பரப்பு 2πr × πr, அதாவது 2π²r². முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2/π, ஏறக்குறைய 0.64. நூறு படப்புள்ளிகளில் 36 அளவுக்கு மிகை. இதைக் குறைக்க உருண்டையைக் கனசதுரத்தின் ஆறு முகங்களாக விரிக்கும் முறைகளும் வந்துவிட்டன. ஆனாலும் தொகுப்பு மேசையில் 2:1 செவ்வகத்தின் ஆட்சிதான் நடக்கிறது.

வட்டம் வந்த கதை

இப்போது அந்த மாணவர் குழுவிடம் திரும்புவோம். திட்டத்தின் அளவு 1920 × 1080. இது 16:9 விகிதம். இதற்குள் 2:1 படத்தை முழுமையாக அடக்கினால் அது 1920 × 960 ஆகச் சுருங்கும். மேலே 60, கீழே 60 படப்புள்ளிகள் காலியாக, கறுப்பாக நிற்கும். சாதாரணத் திரையில் பார்த்தால் இரண்டு மெல்லிய கறுப்புப் பட்டைகள்தாம். திரைப்படங்களில் பழகிய கண்ணுக்கு உறுத்தவே உறுத்தாது. அதனால்தான் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

உருண்டையாகச் சுருட்டும்போது நிலைமை மாறுகிறது. இயக்கிக்குக் கறுப்புப் பட்டை, படம் என்ற வேறுபாடு தெரியாது. 1080 படப்புள்ளிகளையும் 180 பாகைக்குப் பரப்பும். 60 படப்புள்ளிகள் என்றால் 10 பாகை. மேல் பட்டை முழுவதும் உச்சிப் புள்ளியைச் சுற்றிச் சுருண்டு, 20 பாகை விட்டமுள்ள கறுப்பு வட்டமாகிறது. கையை முழுதாக நீட்டி இரண்டு முட்டிகளை அருகருகே வைத்தால் ஏறத்தாழ அந்த அகலம். வானத்து நிலவின் விட்டம் அரைப் பாகைதான். நிலவைப் போல் 40 மடங்கு அகலமான ஓட்டை நம் வானத்தில்! மிஞ்சிய 160 பாகைக்குள் 180 பாகைக் காட்சி நெருக்கி அடைக்கப்பட்டதால், கோவில் கோபுரம் ஒன்பதில் ஒரு பங்கு உயரத்தை இழந்துவிட்டது.

‘பட்டை வேண்டாம், சட்டத்தை நிரப்பு’ என்று மென்பொருளிடம் சொன்னால்? அது இன்னும் மோசம். உயரம் 1080 ஆகும்படி பெரிதாக்கினால் அகலம் 2160 ஆகும். 1920க்கு மேற்பட்ட 240 படப்புள்ளிகள் இருபுறமும் வெட்டுப்படும். பக்கத்துக்கு 20 பாகை, மொத்தம் 40 பாகை. படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் உருண்டையில் சந்திக்கும் இடம் நம் முதுகுப்பக்கம். அங்கே நின்றவர்கள் காணாமல் போவார்கள். முன்னால் இருந்தவர்களோ பக்கவாட்டில் எட்டில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். தாத்தா பின்பக்கம் நின்றிருந்தால் அவர் அந்தக் காணொளியில் இல்லை என்றே பொருள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு: விகிதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் படத்தை மேலும் கீழும் இழுத்து 1080ஐ நிரப்புவது. தட்டைத் திரையில் இது அலங்கோலமாக இருக்கும். ஆனால் முழு அகலத்தை 360 பாகைக்கும் முழு உயரத்தை 180 பாகைக்கும் பரப்பும் இயக்கியில் உருவங்கள் சரியாகவே தெரியும்! ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக இந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. வட்டம் போகும், அதைவிடப் பெரிய இழப்பு அப்படியே இருக்கும்.

பலகையில் என்ன எழுதியிருந்தது?

பெரிய இழப்பு என்றது தெளிவுத்திறனை. 5760 × 2880 என்பது 1 கோடியே 65 இலட்சத்துச் சொச்சம் படப்புள்ளிகள். 1920 × 960 என்பது 18 இலட்சத்துச் சொச்சம். ஒன்பதில் எட்டுப் பங்கு போய்விட்டது. கெல்லி மாளிகை நாளையும் அங்கேயே இருக்கும். மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம். எல்லா இடங்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு நெடியது. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் முதுமரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வழித்தோன்றல்களைச் சீவிப் பிழைத்தவர்கள் நம் முன்னோர். பிறகு 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்த நெருக்கடிக்கு மறுமொழியாகத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பால்மரங்கள் இருந்த நிலங்களில் செம்பனை வந்தது. ஈப்போவைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லய வீடுகளும் பெரட்டுக்களமும் ஆலைக் கொட்டகையும் ஒவ்வொன்றாக மறைகின்றன. கோவில் மட்டும் சில இடங்களில் தனியே நிற்கிறது.

இத்தகைய இடங்களைப் பதிவு செய்ய 360 காணொளி பொருத்தமானது என்பது என் எண்ணம். சாதாரணக் கேமராவில் எடுப்பவர் எதை முக்கியம் என்று கருதுகிறாரோ அந்தத் திசையை மட்டும் காட்டுவார். முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவருக்கு வேறு கேள்விகள் இருக்கும்: கிணறு எந்தப் பக்கம் இருந்தது? கிராணி வீட்டிலிருந்து லயம் தெரியுமா? கோவில் வாசல் எதை நோக்கியது? உருண்டைப் படத்தில் அந்த விடைகள் தாமாகவே பதிந்திருக்கும். விவரம் அழியாமல் இருந்தால்.

ஒரு சிறு கணக்கு. கோவில் முகப்பில் ஒரு மீட்டர் அகலப் பலகை. கேமரா ஐந்து மீட்டர் தொலைவில் இருக்கிறது. பலகை கேமராவின் பார்வையில் 11.4 பாகை அகலம் பிடிக்கும். 5760 அகலக் காணொளியில் பாகைக்கு 16 வீதம் 182 படப்புள்ளிகள். பலகை நிறைய ‘ஸ்ரீ மகா மாரியம்மன்’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். எழுத்து, துணைக்கால், இடைவெளி எல்லாம் எண்ணினால் 13 இடங்கள். ஓரிடத்துக்கு 14 படப்புள்ளிகள் கிடைக்கின்றன, வாசித்துவிடலாம். அதையே 1920 அகலத் திட்டத்துக்குள் போட்டால் பலகைக்கு 61 படப்புள்ளிகள்தாம். ஓரிடத்துக்கு ஐந்துகூட இல்லை. ‘ம்’ மேல் உள்ள புள்ளி பக்கத்து நிறத்தில் கரைந்துவிடும். பெயரைத் தெரிந்தவர் ஊகித்துக்கொள்வார். ஆனால் அதன் கீழே சின்னதாக எழுதப்பட்ட ஆண்டை யார் ஊகிப்பது?

‘திட்டம் 1920இல் இருந்தால் என்ன, ஏற்றுமதி செய்யும்போது 5760 என்று கொடுத்துவிட்டால் போயிற்று’ என்று சிலர் நினைக்கிறார்கள். ஏற்றுமதி என்றதும் நமக்கு ரப்பரும் செம்பனை எண்ணெயும் நினைவுக்கு வரும். தொகுப்பு மென்பொருளில் முடித்த காணொளியைக் கோப்பாக வெளியே எடுப்பதற்கும் அதே பெயர்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோப்பையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றும்போது பாதி சிந்திவிட்டால், ஸ்டோரில் எவ்வளவு பெரிய தொட்டி வைத்திருந்தும் பயனில்லை. அசல் பதிவு, திட்டம், ஏற்றுமதி என்ற மூன்று படிகளில் எது மிகச் சிறியதோ அதுவே கடைசித் தெளிவைத் தீர்மானிக்கும். 1920ஐ 5760 ஆக்கினால் ஒவ்வொரு படப்புள்ளியும் ஒன்பதாகப் பெருகி நிற்கும். கோப்பு கொழுக்கும், பலகையின் எழுத்து கொழுக்காது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கூர்மையாக்கலாமே என்ற கேள்வி வரும். மங்கிய எழுத்து இருந்த இடத்தில் அது தெளிவான எழுத்தை வைக்கும், உண்மை. ஆனால் அது தன் ஊகத்தை வைக்கிறது. பிறந்தநாள் காணொளிக்குச் சரி. ஒரு கோவில் கட்டப்பட்ட ஆண்டுக்குச் சான்றாக அதைக் காட்ட முடியாது.

எப்போது பொருந்த வேண்டும், எப்போது வேண்டாம்

முழு உருண்டையை வெளியிடுவதாக இருந்தால் விதி எளியது. அசல் கோப்பின் பண்புகளைத் திறந்து அகலம், உயரம், நொடிக்கு எத்தனை சட்டம் என்று பாருங்கள். அதே எண்களைத் திட்டத்துக்கும் கொடுங்கள். ஏற்றுமதியிலும் அவையே. அடோபி பிரீமியர் போன்ற மென்பொருள்களில் காட்சித் தொடரின் அமைப்பிலும் ஏற்றுமதியிலும் இது 360 காணொளி என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அதை மறந்தால் கோப்பில் உருண்டை என்ற குறிப்பு பதியாது. 2015 மார்ச்சிலிருந்து 360 காணொளிகளை ஏற்கும் யூடியூப், அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் படத்தைச் சுருட்டுகிறது. குறிப்பு இல்லாவிட்டால் வளைந்து நெளிந்த உலகப் படம் ஒன்றுதான் திரையில் ஓடும்.

இலவசம் என்பதால் பல மாணவர்கள் டாவின்சி ரிசோல்வ் பயன்படுத்துகிறார்கள். நல்ல மென்பொருள். ஆனால் அதன் இலவசப் பதிப்பு 3840 × 2160க்கு மேல் ஏற்றுமதி செய்யாது. அதற்குள் அடங்கும் மிகப் பெரிய 2:1 அளவு 3840 × 1920. பாகைக்கு 10.7 படப்புள்ளிகள், நம் பலகைக்கு 122. படிக்கச் சற்றுச் சிரமப்படலாம், 1920க்கு எவ்வளவோ மேல். திட்டத்தையும் அதே 3840 × 1920இல் அமைத்துக்கொண்டால் கறுப்பு வட்டம் எட்டிப் பார்க்காது.

திட்டமும் அசலும் வேறுபட வேண்டிய நேரமும் உண்டு. உருண்டைக்குள்ளிருந்து ஒரு சன்னலை மட்டும் வெட்டியெடுத்து, சாதாரணத் தொலைக்காட்சியில் காட்டும் தட்டைக் காணொளி செய்கிறீர்கள் என்றால், 1920 × 1080 திட்டம் சரியானதே. அப்போது கேமரா எங்கே திரும்புகிறது என்பதைப் படமெடுத்த பிறகு நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ஆனால் 5760இல் 90 பாகை என்பது கால்பங்கு, அதாவது 1440 படப்புள்ளிகள். 1920ஐ நிரப்ப அது சற்றே இழுபடும். 8கே, அதாவது 7680 × 3840 காணொளியில்தான் கால்பங்கு சரியாக 1920 ஆகிறது. பெட்டியில் 8கே என்று பார்த்து மயங்குகிறவர்கள் இந்தக் கால்பங்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நல்ல பார்வையுள்ள கண் பாகைக்கு 60 படப்புள்ளிகள் வரை பிரித்தறியும். அதை எட்ட உருண்டைக்கு 21,600 படப்புள்ளி அகலம் வேண்டும். இன்னும் தூரம் இருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் படம் குழைந்துபோவதுண்டு. காரணம் பிட் வீதம். 5760 × 2880 காணொளியை நொடிக்கு 30 சட்டமாக, சுருக்காமல் வைத்தால் ஒரு நொடிக்கே சுமார் 746 மெகாபைட் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவானால் அது 12.5 மெகாபைட், ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. முந்தைய சட்டத்திலிருந்து மாறாத பகுதிகளைத் திரும்ப எழுதாமல் விடுவதுதான் இந்தச் சுருக்கத்தின் முக்கிய உத்தி. வெறும் சுவர் என்றால் சுலபம். காற்றில் அசையும் பால்மரத் தோப்பில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். இலையுதிர்காலத்தில் சருகு விழும் காட்சியைக் கேட்கவே வேண்டாம். அங்கே சாதாரணக் காணொளிக்குரிய 10 மெகாபிட்டைக் கொடுத்தால் இலைகள் பச்சைச் சேறாகிவிடும். இன்னொன்று: பழைய எச்.264 முறையில் 4096க்கு மேற்பட்ட அகலத்தைப் பல கைப்பேசிகளின் சில்லுகள் இயக்க மறுக்கும். 5760க்கு எச்.265 பாதுகாப்பானது.

பள்ளிக் கணினி இவ்வளவு பெரிய கோப்பைத் தாங்காமல் திணறினால், 1440 × 720 அளவில் மாற்று நகல் செய்து அதை வைத்து வெட்டி ஒட்டலாம். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு. ஏற்றுமதிக்கு முன் அசல் கோப்புகள் மீண்டும் இணைந்துவிட்டனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். முழுவதையும் எடுப்பதற்கு முன் பத்து நொடித் துண்டு ஒன்றை ஏற்றுமதி செய்து, அண்ணாந்தும் குனிந்தும் முதுகுப்பக்கம் திரும்பியும் பாருங்கள். உச்சி, பாதம், தையல் மூன்றும் சரி என்றால் மிச்சமும் சரியாக இருக்கும்.

முடித்த காணொளியைப் புலனத்தில் சாதாரணக் காணொளியாக அனுப்பாதீர்கள். அது சுருக்கித்தான் அனுப்பும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாது. 100 மெகாபிட் வீதத்தில் ஒரு நிமிடம் 750 மெகாபைட். கோவில், லயம், ஆலை, ஆற்றங்கரை என்று ஒரு தோட்டத்துக்கு அரை மணி நேரப் பதிவு என்றால் 22.5 கிகாபைட். 32 கிகாபைட் விரலியில் அடங்கிவிடும். தொகுத்த காணொளியோடு கேமராவிலிருந்து வந்த அசல் கோப்புகளையும் அதில் போட்டு, தோட்டத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். இரண்டாவது பிரதி ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.